வெள்ளை உடுத்த பொம்மையின் சோடி

எண்பத்தாறில் டென்மார்க்கின் எஸ்பியர்க்கில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் பழைய சாமான் கடை ஒன்று இருந்தது. தேவாலயம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் நடத்தினார்கள். டேனிஷ் கதைத்துப் பழகட்டும் என்று கொம்யூன் என்கிற நகரசபைக்காரர் என்னை அங்கே அனுப்பிவிட்டார்கள். கதைப்பதற்குத்தான் அங்கே ஆள் குறைவு. பீங்கானும் மண் பொம்மையும் ஏராளம்.

துறைமுகப் பட்டினம் அல்லவா? கப்பலில் வேலை செய்தவர்கள் ஊர் ஊராக வாங்கி வந்தவை, அவர்கள் கண்மூடிய பிறகு பெட்டி பெட்டியாகக் கடைக்கு வந்து சேரும். அவற்றில் ஜப்பான் பொம்மைகள் நிறைய. அந்தத் தட்டைக் கவனித்தவள் என்னைவிட இரண்டு வயது மூத்த ஒரு டேனிஷ்காரி. சரியான பொம்மைப் பைத்தியம். ஒன்றைக் கையில் எடுத்தால் முதலில் கவிழ்த்து அடியில் உள்ள முத்திரையைப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் உடுப்பு. உடுப்பின் கைகள் முழங்காலுக்குக் கீழே தொங்கினால் கல்யாணமாகாத பெண், கட்டையாக இருந்தால் கல்யாணமானவள். கழுத்தடியில் உடுத்தியவரின் இடப்பக்கத் துணி மேலே கிடந்தால் உயிரோடு இருப்பவர். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துகிற முறையாம். அப்படி மாற்றிச் செய்த பொம்மை அகப்பட்டால், இது முறை தெரியாத யாரோ வேறு நாட்டில் செய்தது என்று உதட்டைப் பிதுக்குவாள்.

சேலைக் கரையைப் பார்த்தே ஆட்களை எடைபோட்டுப் பழகிய கண் என்னுடையது. இரண்டு மாதத்தில் எல்லாம் பிடிபட்டுவிட்டது. கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது என்பதை மறைக்கவில்லை.

வீட்டில் நானும் அக்காவும் மட்டும். அத்தானை ஊரில் ஆமி பிடித்துக்கொண்டுபோய் ஒன்றரை வருடமாகியிருந்தது. இருக்கிறார் என்றோ இல்லை என்றோ ஒரு துண்டுக் கடிதம்கூட வரவில்லை. அக்கா தினமும் தலைமுழுகிவிட்டுப் பெரிய குங்குமப் பொட்டாக வைப்பாள். வெள்ளை என்றால் ஆகாது. மீன் தொழிற்சாலையில் அவளுக்குக் கொடுத்த வெள்ளை மேலங்கியைத் தோய்ப்பது என் வேலை. அது கொடியில் காயும்போது அந்தப் பக்கமே திரும்பமாட்டாள்.

ஒரு பிறந்தநாள் வீட்டில் தெரிந்த மனிசி ஒருத்தி என்னைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டுபோய் அக்காவைப் பற்றிக் கேட்டாள்.

"பிள்ளை, கொக்கா இன்னும் பொட்டு வைக்கிறா. ஆளைப் பற்றி ஏதும் தெரிஞ்சதோ?"

"உங்கடை அலுவலைப் பாருங்கோ" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். ஆனால் அந்தக் கேள்வி மனதைப் போட்டு அரித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த கிழமை வந்த ஒரு பெட்டியில் சாண் உயரத்தில் இரண்டு பொம்மைகள். ஒன்று ஆண்: கறுப்பு அங்கி, நெஞ்சிலும் கையிலும் சின்னச் சின்ன வெள்ளை வட்டங்கள். மற்றது பெண். உச்சி முதல் பாதம்வரை வெள்ளை, தலையிலும் வெள்ளை முக்காடு, தாழ்ந்த கண்கள். விதவை, வேறென்ன?

இரண்டின் அடியிலும் ஒரே முத்திரை. ஒரே முத்திரையோடு ஒரே பெட்டியில் வந்தவற்றைப் பிரிக்கக்கூடாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வியாழக்கிழமைகளில் அக்கா வேலை முடிந்து என்னைக் கூட்டிப்போகக் கடைக்கு வருவாள். வந்தால் பொம்மைகளைத் தொட்டுப் பார்க்காமல் போகமாட்டாள். அன்று வியாழன். வெள்ளைப் பெண்ணைக் கீழ்த்தட்டில் சாடிகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். கறுப்பு அங்கிக்காரனைத் தனியே முன்னால் வைத்தேன். அக்கா வருவதற்கு முன்பே அவனை யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தூசி தட்டும்போது டேனிஷ்காரி அவளைக் கண்டுபிடித்தாள்.

"இந்த மணப்பெண் ஏன் இங்கே ஒளிந்திருக்கிறாள்?"

மணப்பெண்ணா என்று கேட்டேன். ஜப்பானில் கல்யாணப் பெண் முழு வெள்ளை உடுப்பாள் என்றாள். புகுந்த வீட்டு நிறம் எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று அர்த்தமாம். பிறகு சுற்றுமுற்றும் தேடினாள். "குடும்பச் சின்னம் போட்ட கறுப்பு அங்கியோடு மாப்பிள்ளை ஒருவன் இருப்பானே, எங்கே?"

விற்றுவிட்டேன் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது.

டென்மார்க்கில் எந்தச் சின்னப் பிள்ளையும் பார்த்தவுடன் மணப்பெண் என்று சொல்லும். அவ்வளவு ஏன், எங்கள் ஊர் வேதக்காரப் பெண்கள் தேவாலயத்தில் வெள்ளைச் சேலையில் மாலை மாற்றியதை நானே முன்வரிசையில் நின்று பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அதில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. நன்றாக ஏறிட்டுப் பார்த்திருந்தால், உடுப்பின் விளிம்பில் நூலளவு ஓடிய சிவப்பாவது கண்ணில் பட்டிருக்கும்.

சோடி போன பொம்மையை யார் வாங்குவார்கள், நீயே கொண்டுபோ என்று தந்துவிட்டாள். பத்திரிகைத் தாளில் சுற்றி, கடற்காற்றில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஏசுவாள் என்று நினைத்தேன். அவள் பொம்மையை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கழுத்தடியைப் பார்த்தாள்.

"இடப்பக்கம்தானே மேலை கிடக்கு?"

"ஓம்."

"அப்ப உயிரோடைதான் இருக்கிறாள்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "இதை ஏன் எனக்கு ஒளிச்சனீ?"

"நீ கவலைப்படுவாய் எண்டு..."

"வெள்ளையைக் கண்டு நான் ஏன் கவலைப்படவேணும்? அத்தான் செத்திட்டார் எண்டு நீயும் முடிவெடுத்திட்டாய், என்ன?"

குசினியில் கேட்டவள்மீது பாய்ந்து விழுந்தவள்தான் நான். ஆனால் மனதுக்குள் அக்காவின் பொட்டை எப்போதோ அழித்துவிட்டிருந்தேன்.

அக்கா பொம்மையை யன்னல் கட்டின்மேல் வைத்தாள். "இவளின்ரை மனிசனைக் காணேல்லை. அவ்வளவுதான்" என்றாள்.

பல வருடங்களாகப் பழைய கடைகளில் கறுப்பு அங்கிக்காரர்களை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறேன். அந்த முத்திரை கிடைக்கவில்லை. அத்தானைப் பற்றியும் கடைசிவரை ஒரு செய்தியும் இல்லை.

போன மாரியில் அக்கா ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினாள். தாதி மடித்த வெள்ளை உடுப்பு ஒன்றைக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று சொல்லி, அக்காவின் கல்யாணக் கூறையை உடுத்தி, நெற்றியில் குங்குமத்தை நானே வைத்தேன். பொட்டுக் கொஞ்சம் கோணிவிட்டது. துடைத்துவிட்டுத் திரும்ப வைக்கலாம் என்றாள் தாதி. துடைக்க எனக்கு மனம் வரவில்லை.