நான் கொடுக்காத ஐயாயிரத்துக்கு வந்த வரி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் பாம்பனில் கருவாட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தேன். வியாபாரம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கரையில் மீனைக் கடனுக்கு எடுத்து, காயவைத்து, ஓலைப்பாயில் கட்டி ரயிலேற்றுவேன். காசு குடும்பத்துக்குப் போகும். நாற்றம் என்னோடு தங்கும். எனக்கிருந்த ஒரே ஆடம்பரம் ஒரு தங்கப் பல். மனைவியின் சங்கிலிகூட அடகில் இருந்தது. பல்லைக் கழற்ற வழியில்லாததால் அது மட்டும் தப்பித்தது.

எங்கள் மாதா கோயில் திருவிழாவில் ஒரு வழக்கம் உண்டு. நன்கொடை கேட்கும் நாளன்று ஊர்க்கமிட்டி முதலில் யாராவது ஒருவர் பெயரைப் பெருந்தொகையோடு மைக்கில் முழங்கும். அவர் அதைக் கொடுக்க வேண்டியதில்லை. கேட்கிற மற்றவர்களுக்கு ரோசம் வர வேண்டும், அவ்வளவுதான். தூண்டிலில் இரை குத்துவது மாதிரி. அந்த வருஷ இரை நான். கொடுத்தது ஐம்பது ரூபாய், முழங்கியது ஐயாயிரம்! பனைமரத்தில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய் என் பெயரைத் திரும்பத் திரும்பக் கத்தியபோது நானாவது கொஞ்சம் கூசியிருக்கலாம். கும்பிட்டபடி, பல் மின்னச் சிரித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஒரு சுற்று வந்தேன்.

இரைக்கு மீனும் விழுந்தது. இரண்டு வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி ஒருவர், சுறா விலைத் தகராறில் என்னோடு பேச்சை நிறுத்தியிருந்தவர், என்னிடம் தோற்கக் கூடாது என்று அங்கேயே ஆயிரம் ரூபாயை எண்ணி வைத்தார். அதையும் அவர் பெயரோடு குழாய் முழங்கியது.

வினை என்னவென்றால், அந்தக் குழாய் ரயில் நிலையத்தைப் பார்த்துக் கட்டப்பட்டிருந்தது. ராமேஸ்வரம் வண்டிக்காக அங்கே மாறி நின்ற ஒரு வரி அதிகாரியின் காதில் என் வள்ளல்தனம் விழுந்திருக்கிறது. சில மாதங்களில் நோட்டீஸ் வந்தது. இவ்வளவு தர்மம் செய்கிறவன் இத்தனை வருஷமாக எவ்வளவு சம்பாதித்திருப்பான் என்று அவர்களே ஒரு மதிப்புப் போட்டு, நான் கட்டாமல் விட்ட வருமான வரி எட்டாயிரத்துச் சொச்சம் என்று எழுதியிருந்தார்கள். மறுப்பு இருந்தால் ஆதாரத்தோடு வர வேண்டும். இல்லையென்றால் வீடு ஜப்தி.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எட்டாயிரத்தை நான் கனவில்கூடக் கண்டதில்லை. கனவிலும் எனக்குக் கருவாடுதான் வரும்! நேராகக் கமிட்டித் தலைவரிடம் போய், அந்தத் தொகை சும்மா சொன்னது என்று எழுதிக் கொடுங்கள் என்றேன்.

"ஏலே, எழுதிக் குடுத்தா சம்மாட்டி அவரு ஆயிரத்தைத் திருப்பிக் கேப்பாரு. அந்தக் காசுல தேர் செஞ்சாச்சு. தேரைப் பிரிச்சா குடுக்க?" என்றார். போதாக்குறைக்கு, "மாதா பாத்துக்குவா" என்று என் பொறுப்பை மாதாவிடம் தள்ளிவிட்டார். முழங்கும்போது மாதாவைக் கேட்டா முழங்கினார்?

வேறு வழியில்லாமல் அந்தச் சம்மாட்டியிடமே போனேன். கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் எல்லாவற்றையும் கேட்டார். ஆயிரத்தை ஏமாந்தது புரிந்ததும் என்னையும் என் வம்சத்தையும் கரை முழுக்கக் கேட்கும்படி வைதார். வைது முடித்துவிட்டு, "என்னைக்குப் போகணும்? வாரேன்" என்றார்.

வரி ஆபீசில் அதிகாரியின் கண் என் பல்லிலேயே இருந்தது. நான் உதட்டை மூடிக்கொண்டே ஏழ்மையை விளக்கப் பார்த்தேன். ஊமையன் கதை சொன்ன மாதிரி இருந்தது. சம்மாட்டி குறுக்கிட்டார்.

"இவனா ஐயாயிரம் குடுப்பான்? எங்கிட்ட கடனுக்கு மீன் எடுத்துட்டு, அதுலயும் பேரம் பேசுறவங்கய்யா. கூரைக்கு ஓலை மாத்த வக்கில்லாம வீட்டுக்குள்ள சட்டி வச்சு மழைத்தண்ணி பிடிக்கிறான். அந்தப் பல்லு ஒண்ணுதான் சொத்து. வேணும்னா பிடுங்கிக்கங்க."

அத்தனை அவமானத்துக்கும் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அப்படியானால் அன்று அறிவித்த உங்கள் ஆயிரமும் சும்மாதானா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

"என்னோடது நெசம். மாதாவுக்குக் குடுத்ததை இல்லைம்பனா?" என்றார். அதிகாரி வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து அவருடைய பெயரைக் கேட்டு எழுதத் தொடங்கினார்.

ஊரில் விசாரித்த பிறகு என் வரி தள்ளுபடியானது. அவருக்கு முன்னூறு ரூபாய் வரி விழுந்தது. பொய் முழங்கிய கமிட்டிக்குக் காலணா நஷ்டமில்லை! வரி ஆபீசிலிருந்து அன்று திரும்பி வரும் ரயிலிலேயே நான்தான் பொறுக்காமல் கேட்டேன், ஆமான்னு சொல்லிட்டு வந்திருக்கலாமே அண்ணே என்று.

"ஏலே, எனக்கு ஒரு பொய்யச் சொல்லிட்டா, உனக்குச் சொன்னதை அந்த ஆளு நம்புவானா?" என்றார். பிறகு பாலம் முடியும்வரை கமிட்டியை இருவரும் சேர்ந்து வைதோம். சுறாத் தகராறு எங்கே போனதென்று தெரியவில்லை.

அடுத்த திருவிழாவில் தலைவர் மைக்கை எடுத்ததும், அவருக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் சம்மாட்டியும் போய் நின்றுகொண்டோம். அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். தன் பெயரைச் சொல்லி, ஐந்து ரூபாய் என்று ஆரம்பித்தார்.

இன்றும் ஒலிபெருக்கியில் யார் பெயராவது தொகையோடு கேட்டால் எனக்கு ரத்தம் கொதிக்கிறது; ஆனால் நான் ஒன்றுமில்லாதவன் என்று சாட்சி சொல்வதற்காகத் தன் கைக்காசைக் கட்டிய அந்த மனிதரை நினைத்ததும், கொதிப்பு தானாகவே அடங்கிவிடுகிறது.