புகை விடாத ரயில்

ஹைட்ரஜனில் ஓடும் ரயிலைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று செய்தி வந்தால் எல்லோருக்கும் பெருமையாக இருக்கும். எனக்கோ அப்பா வேட்டியோடு தரையில் சறுக்கிக்கொண்டு போனதுதான் ஞாபகம் வரும். சிரிப்பை அடக்குவது பெரும்பாடு.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. அம்மாவின் தம்பியான மாமாவுக்கு டீசல் எஞ்சின் ஷெட்டில் வேலை. பள்ளியில் அறிவியல் கண்காட்சி என்று நான் நச்சரித்ததில், முழ நீளத்துக்கு ஒரு பொம்மை ரயிலோடு ஆரணிக்கு வந்து இறங்கினார். ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் அதற்குள் சேர்ந்து கரண்ட் உண்டாகுமாம், அதில் சக்கரம் ஓடுமாம். அன்று பார்த்துத்தான் தன் தங்கையான என் அத்தையின் முகூர்த்தச் சேலையைத் தறியிலிருந்து இறக்கிக் கூடத்தில் விரித்திருந்தார் அப்பா. கல்யாணம் நெருங்கிவிட்டது, இன்னொன்று நெய்ய நேரமில்லை.

ஹைட்ரஜன் என்றதுமே அம்மாவுக்கு வெடிகுண்டு நினைவு. மாமா அலட்டிக்கொள்ளாமல் ரயிலைத் தரையில் விட்டார்.

"வெடிக்காதுக்கா. பொகையும் வராது. பின்னால சொட்டுச் சொட்டா தண்ணிதான் வரும்."

அம்மா நெஞ்சில் வைத்த கையை எடுத்தாள். அப்பாவுக்கு அப்போதுதான் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் சேலை விரித்திருந்தால், தாகமெடுத்தாலும் வாசலுக்குப் போய்த்தான் குடிக்க வேண்டும். புதுப் பட்டில் ஒரு சொட்டு விழுந்தாலும் வட்டமாகக் கறை நின்றுவிடும்.

"இன்னா மச்சான் சொல்ற, தண்ணியா?"

ரயில் அதற்குள் சேலையைப் பார்த்துப் புறப்பட்டிருந்தது. அப்பா குப்புற விழுந்து சறுக்கி, முன்சக்கரம் கரையில் ஏறுகிற நேரம் அதன் வாலுக்கடியில் கையை நீட்டினார். சொட்டு உள்ளங்கையில் விழுந்தது. அத்தை சேலையை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்து, ஒன்றுமில்லை என்றதும்தான் எங்களுக்குப் போன உயிர் திரும்பியது. அப்பாவே சிரித்துவிட்டார்.

மாமா ரயிலைத் தூக்கினார். அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பின்பக்கத்தை மூக்கருகில் வைத்து, கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்தார். அவருடைய வழக்கமான இருமல் வந்து உடம்பையே குலுக்கியது. அடங்கியதும் மறுபடி இழுத்தார்.

"ஒரு நாத்தமும் இல்லக்கா. ஷெட்டுக்கு இந்த மாதிரி எஞ்சின் எப்போ வருமோ."

மாமா கோமாளித்தனம் பண்ணுகிறார் என்று நான் கைதட்டினேன். அம்மா ஏன் சட்டென்று சிரிப்பை நிறுத்தினாள் என்பது எனக்கு விளங்கவில்லை.