ஆப்பிள் வாங்கிய சனிக்கிழமை

எங்கள் தேயிலை எஸ்டேட்டில் பழம் என்றால் நோயாளிக்கு. கையில் பழப்பையோடு யாராவது எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குள் நுழைந்தால், ஆஸ்பத்திரியில் யார் என்றுதான் முதலில் கேட்பார்கள். பதினைந்து வயதில் எனக்கு இது தெரியாமல் இல்லை. அன்றைக்கு நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அப்போது தானா ராத்தாப் பள்ளியில் மூன்றாம் படிவம் படித்துக்கொண்டிருந்தேன். மனையியல் டீச்சர் எங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்திருந்தார். அந்த வாரம் தின்ற காய்கறியை ஒரு பக்கமும் பழத்தை மறுபக்கமும் எழுதிக் காட்ட வேண்டும். வகுப்பில் எல்லோரும் பொய்தான் எழுதினோம். மலை முழுக்கக் காய்கறி விளைந்தது. கியா பார்ம் தோட்டங்களிலிருந்து கோஸும் தக்காளியும் லோரி லோரியாகக் கீழே இறங்கின. நாங்கள் தின்றது தோட்டக்காரர்கள் கழித்துப்போட்ட கோஸின் வெளி இலையும், வேலியில் படர்ந்த சௌசௌவும், அதுவும் இல்லாத நாளில் வெறும் கருவாட்டுக் குழம்பும். பழம் என்று நாங்கள் ஆசைப்பட்டுத் தின்றது பள்ளி வாசலில் விற்ற ஜெருக் மட்டும்தான். உப்பிலும் சர்க்கரையிலும் ஊறிய மாங்காய்த் துண்டு; நாக்கு வெந்துபோகும்வரை சப்புவோம்.

ஒரு வாரம், ஏழு நாளும் பப்பாளி என்று எழுதினேன். மலாயில் பிழையில்லாமல் எனக்கு எழுத வந்த பழம் அதுதான். பின்னால் இருந்தவளும் அதைப் பார்த்து அப்படியே எழுதிவிட்டாள். டீச்சர் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். திங்கட்கிழமை ஆளுக்கொரு பழம் கொண்டுவந்து தன் முன்னால் தின்ன வேண்டும், ஜெருக் கணக்கில் வராது என்றார்.

அந்தச் சனிக்கிழமை கோஸ் அடுக்கப் போன கூலியில் இரண்டு ஆப்பிள் வாங்கினேன். ஒன்று எனக்கு, ஒன்று அம்மாவுக்கு. மெல்லிய காகிதத்தில் சுற்றி, சிவப்புப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள்.

அம்மாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மூன்று மாதமாக அவருக்கு இருமல். விடியற்காலையில் கம்பளியை வாயில் அமுக்கிக்கொண்டு இருமுவார். காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிடும்போது துண்டால் வாயை மூடிக்கொண்டு, குளிர் என்பார். அப்பா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. கொழுந்து எடுக்க வீட்டில் ஆள் இருந்தால்தான் லயத்தில் வீடு. அம்மாவை வேலையிலிருந்து நிறுத்தினால் வீடும் போய்விடும். இருமல் விஷயம் எங்கள் இரண்டு பேருக்கும்தான் தெரியும். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று என்னிடம் சொல்லியிருந்தார். நானும் விடவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கி லயத்துக்குள் வந்தபோது, பக்கத்து வீட்டு அக்கா குழாயடியில் நின்றிருந்தார். பையைப் பார்த்துவிட்டார்.

"யாருக்குடி முடியல?"

"யாருக்கும் இல்லக்கா. பள்ளிக்கூடத்துக்கு."

"பள்ளிக்கூடத்துக்கு ஆப்பிளா? யாருகிட்ட கதை விடுற? அம்மாவுக்குத்தானே? நானும் பாத்துக்கிட்டுத்தான்லா இருக்கேன், ஆளு பாதியாப் போச்சு."

நான் இல்லை இல்லை என்று சொன்ன வேகமே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையிலிருந்தே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வெறுங்கையோடு யாரும் வரவில்லை. ஆரஞ்சு, திராட்சை, ஒரு சீப்பு வாழைப்பழம், பால்மாவு டின் ஒன்று. அம்மா சுவரில் சாய்ந்து, ஒன்றுமில்லை, சும்மா சளி என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். சொல்லச் சொல்ல இருமல் வந்தது. எங்கள் வீட்டில் அத்தனை பழத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

எல்லோரும் போன பிறகு அம்மா என்னைத் திட்டவில்லை. பழங்களைத் தட்டில் அடுக்கிவிட்டு, "அழுகிப் போறதுக்குள்ள தின்னு," என்றார்.

திங்கட்கிழமை பெரட்டில் கங்காணி அம்மாவைத் தனியாக நிற்கச் சொன்னார். நல்ல மனிதர்தான். "ஆபீஸ் கெராணி காதுக்குப் போயிருச்சு தங்கச்சி, இனிமே நான் மறைக்க முடியாது, டிரஸர்கிட்ட காட்டிட்டு வந்துரு," என்றாராம். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகாமல் நான்தான் கூட்டிப்போனேன். எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் டிரஸர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். அந்த வாரமே அம்மாவைக் கீழே ஈப்போ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சயரோகம். இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் கையை விரித்திருப்போம் என்று அங்கே சொன்னார்கள்.

வீடு கைவிட்டுப் போகாமலிருக்கப் பெரட்டில் எங்கள் வீட்டு ஆள் ஒரு பேர் வேண்டியிருந்தது. கங்காணி என் வயதைக் கூட்டிச் சொல்லிப் பதிந்தார். அம்மாவின் கூடையும், அம்மா கொழுந்து எடுத்த செடி நிரையும் எனக்கு வந்தன. மூன்றாம் படிவச் சோதனைக்கு மூன்று மாதம் இருந்தது. ஆப்பிளை டீச்சர் முன்னால் நான் தின்னவே இல்லை. நோட்டுப் புத்தகத்தையும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

நான் கொழுந்துக்குப் போவதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டுக்கொண்டேன். வேறு ஆளைப் போட்டு வீட்டைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லி வைத்தோம். இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஈப்போவுக்கு அம்மாவைப் பார்க்கப் போனேன். ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன். மலைப்பாதை வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்து, பஸ் மாறி, வார்டுக்குப் போனபோது மத்தியானம் ஆகிவிட்டது. அம்மாவுக்கு முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது.

"பழம் தின்னத டீச்சருகிட்ட எழுதிக் காட்டுனியா?" என்று கேட்டார்.

"காட்டிட்டேம்மா."

ஆப்பிளை வெட்டக் கத்தியை எடுத்தேன். கொழுந்துக் கறை சோப்புக்கெல்லாம் போகாது. என் விரல் நுனிகள் கறுத்துக் கிடந்தன. அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் அவர் கையில் இருந்த கறைதான்.

"கைய நல்லாக் கழுவிட்டு வெட்டு," என்றார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.