மருதம்மாளின் கட்டைவிரல்

"அதைச் சித்தெ இப்படித் திருப்புங்க" என்று மருதம்மாள் சொன்னதும் ரேஷன் கடை வரிசையில் பின்னால் நிற்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். இனி நேரமாகும் என்று அவர்களுக்குத் தெரியும். அவருடைய வலது கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களுக்குள் மடங்கி ஒளிந்திருக்கிறது. ரேகை வைக்கும் பெட்டியின் திரையில் என்ன அரிசி, எத்தனை கிலோ என்று வாயசைத்துப் படித்து முடித்த பிறகே அது வெளியே வரும். வந்தாலும் பெட்டி சுலபத்தில் ஏற்காது. முந்தானையில் துடைத்து இன்னொரு முறை வைக்க வேண்டும். அதற்கு முன்னாலும் திரையை இன்னொரு முறை பார்ப்பார்.

"உங்க ஒருத்தருக்குப் போடற நேரத்துல நாலு பேருக்கு அளந்துருவனுங்க" என்று கடைக்காரர் அலுத்துக்கொள்கிறார்.

"அந்த நாலு பேருக்கும் இதே மாதரக் காட்டீட்டு அளங்க" என்கிறார் மருதம்மாள். குரலில் கோபம் துளியும் இல்லை. பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

குண்டடம் பக்கம் பிறந்து, அவிநாசிபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வயது ஐம்பதை நெருங்குகிறது. கல்யாணமான சில வருஷங்களில் பனியன் கம்பெனி வேனில் ஏறியவர் இன்றுவரை இறங்கவில்லை. வேலை செக்கிங். தைத்து வரும் டீ-சர்ட்டை உள்பக்கம் புரட்டி, தையல் ஓரமாகக் கட்டைவிரலை ஓட்டிக்கொண்டே போவார். எங்கே பிசிறு தட்டுப்படுகிறதோ அங்கே கத்தரி வெட்டும். கண் பார்ப்பதற்குள் விரல் கண்டுபிடித்துவிடும். இத்தனை வருஷம் துணியைத் தடவித் தடவி அந்த விரலில் ரேகையே மழுங்கிவிட்டது. கம்பெனி வாசலில் வருகைப் பதிவுக்கு வைத்திருக்கும் மெஷின் இவரைக் கண்டால் சிவப்பு விளக்குத்தான் போடும். "மெசினுக்கு என்னைய அடையாளந் தெரியறதில்லீங்க. வாட்ச்மேனுக்குத் தெரியுது, அது போதும்" என்று முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே உள்ளே போவார்.

இப்போது அவருடைய ஜாக்கிரதை ஊரில் பேசிச் சிரிக்கிற விஷயமாகிவிட்டது. வாட்ஸ்அப்பில் தன் படத்தை எடுத்துவிட்டு வீட்டு எருமையின் படத்தை வைத்திருக்கிறார். "திருடறவன் எருமையத் திருடீட்டுப் போகட்டுமுங்க, அது கவலப்படாது" என்பது அதற்கு விளக்கம். போனில் எண் எதையாவது அழுத்தும்போது இடது கையால் மூடிக்கொள்வார், எதிரே இருப்பது கணவர் வெள்ளையனே ஆனாலும். ஒருமுறை தாராபுரத்தில் டாக்டரைப் பார்க்கப் போன இடத்தில் டோக்கன் எழுதும் பெண்ணிடம் உண்மைப் பேரைச் சொல்லாமல் காளியாத்தாள் என்று சொல்லி வைத்தார். பிறகு "காளியாத்தாள், காளியாத்தாள்" என்று கூப்பிட்டபோது, யாரது எழுந்து போகாமல் அழிச்சாட்டியம் பண்ணுவது என்று இவரும் சேர்ந்து திரும்பிப் பார்த்தார். மத்தியானம் கடைசி ஆளாகத்தான் ஊசி போட்டுக்கொண்டு வந்தார்.

சூடு கண்ட பூனை என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பட்ட சூடு சின்னதல்ல.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவிநாசிபாளையத்துப் பேக்கரிக்கு எதிரே ஒரு பெரிய குடையை நட்டுக்கொண்டு பையன் ஒருவன் சிம் விற்றான். மருதம்மாளுக்குப் புது நம்பர் ஒன்று தேவைப்பட்டது. ஆதார் எண்ணைச் சொல்லி, விரலை வைத்தார். "ரேகை விழலீங்கக்கா, இன்னொருக்கா வைங்க" என்றான். வைத்தார். படம் பிடித்தான். "கண்ணச் சிமிட்டிட்டீங்கக்கா" என்று மறுபடியும் பிடித்தான். பிறகு இன்னும் இரண்டு முறை விரல். நல்ல ரேகை உள்ள யாராக இருந்தாலும் அந்த இடத்தில் என்னப்பா இது என்று கேட்டிருப்பார்கள். மருதம்மாளுக்கோ மெஷின்கள் தன்னை ஏற்காமல் போவது தினப்படிச் சமாச்சாரம். ரேஷன் கடையில் சிடுசிடுப்பார்கள், பேங்கில் ஓரமாக நிற்கச் சொல்வார்கள். இவன் மட்டும் அக்கா, அக்கா என்று பொறுமையாக வாங்கிக்கொண்டான். மனம் குளிர்ந்துபோய் செக்கிங்கில் இருக்கும் அத்தனை பெண்களிடமும், "தங்கமான பையனுங்க, அவங்கிட்டயே போயி வாங்குங்க" என்று சொன்னார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான்.

சில மாதம் கழித்துத் திருப்பூர் சைபர் போலீசிலிருந்து கம்பெனி ஆபீசுக்கு போன் வந்தது. வெள்ளையனையும் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். சாமளாபுரத்தில் சொந்தமாகத் தறி ஓட்டும் தங்கதுரை. அவருடைய மகள் தமிழ்மதியின் படத்தை எவனோ எடுத்து, அவள் பேரிலேயே ஒரு கணக்கைத் திறந்து, சொந்தக்காரர்களுக்கும் கூடப் படிப்பவர்களுக்கும் வாயால் சொல்ல முடியாததையெல்லாம் அனுப்பியிருந்தான். அவள்தான் அனுப்புகிறாள் என்று பாதிப்பேர் நம்பிவிட்டார்கள். பெண் கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அந்தக் கணக்கைத் திறந்த போன் நம்பர் யார் பேரில் இருக்கிறது என்று போலீஸ் தேடியபோது வந்து நின்ற பேர், மருதம்மாள்.

தங்கதுரை மேஜைமேல் இருந்ததைப் பார்த்துப் படித்தார். "மருதம்மாள், கணவர் பேரு வெள்ளையன், அவிநாசிபாளையம். இது நீங்கதானுங்களா?"

"நாந்தானுங்க."

"நீங்களும் புள்ள பெத்தவங்கதானுங்க? எம் பாப்பாளுக்கு என்னத்துக்குங்க இப்படிப் பண்ணுனீங்க?"

அவ்வளவு கோபத்திலும் அவர் 'ங்க' போடத் தவறவில்லை. திட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன் என்று மருதம்மாள் இன்றைக்கும் சொல்கிறார். "எம் பேருதானுங்க. ஆனா நானில்லீங்க" என்றார். சொல்லும்போதே அது எவ்வளவு நோஞ்சானாக இருக்கிறது என்று அவருக்கே கேட்டது.

அங்கிருந்த பெண் போலீஸ் ஒருவர்தான் முடிச்சை அவிழ்த்தார். மருதம்மாளிடம் இருப்பது ஒரே நம்பர். ஆனால் அவர் பேரில் இன்னும் மூன்று நம்பர்கள் ஓடிக்கொண்டிருந்தன, எல்லாமே அந்தக் குடைக்குக் கீழே, ஒரே நாளில் வாங்கியவை. முதல் தடவை வைத்தபோதே விரல் பதிந்துவிட்டது. அவன் பக்கம் திரும்பியிருந்த திரையில் பச்சை டிக்கும் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு வாங்கிய விரலெல்லாம் அவன் வேறு சிம் எடுத்து வெளியில் விற்பதற்கு. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

போலீஸ் நம்பியது. தங்கதுரை நம்பவில்லை. படியிறங்கும்போது, "தெரியாமத்தான் ஒருத்தரு அத்தன தடவ கை வெப்பாங்களாக்கும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சொல் மருதம்மாளோடு பஸ்ஸில் ஏறி வீடுவரைக்கும் வந்தது. யாருக்கோ ஒரு தகப்பனுக்குத் தன் பேர் ஒரு அசிங்கமான வார்த்தையாகிவிட்டது என்பதை அவரால் விழுங்க முடியவில்லை.

அழுதுகொண்டு உட்காரும் ஆள் இல்லை அவர். மறுநாளே மதியச் சாப்பாட்டு நேரத்தில், தான் குடைக்கு அனுப்பிய பெண்களையெல்லாம் கூட்டிவைத்து விஷயத்தைச் சொன்னார். தன் பேரில் எத்தனை நம்பர் இருக்கிறது என்று பார்க்கிற அரசாங்க வெப்சைட்டைப் பெண் போலீஸ் காட்டிக் கொடுத்திருந்தார். பரமக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த கருத்தம்மா டிபன் பாக்ஸை மூடவேயில்லை.

"போக்கா, எங்கிட்ட என்னத்த இருக்கு களவாங்க? பேங்குலயும் ஒண்ணுமில்ல, கழுத்துலயும் ஒண்ணுமில்ல."

"பேரு இருக்குதல்ல" என்றார் மருதம்மாள். "சாமளாபுரத்துல ஒரு புள்ள படிப்ப நிறுத்தீட்டு உக்காந்துருக்குது. எம் பேர வெச்சுத்தான் பண்ணியிருக்கறான். நாளைக்கு உம் பேர வெச்சுப் பண்ணுனா என்ன சொல்லுவ?"

அந்த வெப்சைட்டில் பார்த்தபோது கருத்தம்மாவின் பேரில் தெரியாத நம்பர் இரண்டு இருந்தது. "ஆத்தாடி, இம்புட்டு நாளா எவன் கையில இருந்தேன் நானு" என்று அவள் சோற்றை அப்படியே வைத்துவிட்டாள். அந்த வாரமே ஒரு வேன் நிறையப் பெண்கள் போய்ப் புகார் கொடுத்தார்கள்.

அடுத்த லீவு நாளில் மருதம்மாள் தனியாகச் சாமளாபுரத்துக்குப் பஸ் ஏறினார். தங்கதுரை தறியை நிறுத்தவில்லை. "வாங்க" என்றும் சொல்லவில்லை. வாசலுக்கு வந்தவரை வாங்க என்று சொல்லாமல் இருப்பது இந்தப் பக்கத்தில் கதவைச் சாத்துவதைவிடப் பெரிய காரியம். தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. கத்திக்கொண்டே நான் நல்லவள் என்று எப்படிச் சொல்வது? மருதம்மாள் சொல்லவில்லை. தறியில் வழிந்திருந்த எண்ணெய்க் கசடைக் கட்டைவிரலில் லேசாகத் தொட்டு, பக்கத்து வெள்ளைச் சுவரில் மெல்ல ஒற்றினார். வளைவுமில்லை, கோடுமில்லை. வெறும் கறுப்புப் பொட்டு.

"இத எந்த மெசினுங்க ஒரே தடவைல வாங்கும்? இன்னொருக்கா வைன்னான், வெச்சனுங்க. எப்பவும் அப்படித்தானுங்க வெக்கறது" என்று கத்தினார்.

தங்கதுரை சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இழை ஒன்று அறுந்தது. அதைச் சேர்க்கத் திரும்பிவிட்டார். மருதம்மாள் அடுத்த பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தார்.

பெண்கள் கொடுத்த புகார் வீண்போகவில்லை. உடுமலைப் பக்கம் வேறொரு குடைக்குக் கீழே பையன் மாட்டினான். மருதம்மாள் பேரில் இருந்த சிம்மை அவனிடம் வாங்கியவனும் மாட்டினான். தமிழ்மதி போகும் கல்லூரி பஸ்ஸில் தினமும் வந்துகொண்டிருந்தவன் அவன். மருதம்மாள் இதைச் சொல்லும்போது முகத்தில் ஜெயித்த களையை மறைப்பதில்லை. ஜெயித்தவர் எதற்கு மறைக்க வேண்டும்?

அதற்குப் பிறகு ஒருநாள் அவர் போனில் புது நம்பர் ஒன்று வந்தது. பின்னால் தறிச் சத்தம்.

"நான் சாமளாபுரம் தங்கதுரை பேசறனுங்க. பாப்பா மறுக்கா காலேஜ் போறேங்குது. அதுக்குப் புது நம்பர் வாங்கோணும்." தறிச் சத்தம் நின்றது. "நீங்க வந்து பக்கத்துல நின்னாத் தேவலைங்க. அந்தச் செவுத்தப் போன மாசம் வெள்ளையடிச்சோம். உங்க பொட்ட மட்டும் அப்படியே வுட்டுட்டனுங்க."

மருதம்மாள் அரை நாள் லீவு சொன்னார். எதற்கு என்று சூப்பர்வைசர் கேட்டதற்கு, "ஒரு விசேஷமுங்க" என்றார். பெட்டியில் மடித்து வைத்திருந்த புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டார்.

சாமளாபுரம் கடைத்தெருவில் சின்னப் போன் கடை. தமிழ்மதி முன்னால் நிற்கிறாள், தங்கதுரை அவளுக்குப் பின்னால். மருதம்மாள் வழக்கம்போலக் கட்டைவிரலை மடக்கிக்கொண்டு ஓரமாக நிற்கிறார். கடைக்காரர் போனில் எதையோ தட்டிவிட்டு, ரேகைப் பெட்டியைத் தமிழ்மதி பக்கம் தள்ளுகிறார். அவள் விரல் பாதி தூரம் போய் நிற்கிறது. திரும்பி மருதம்மாளைப் பார்க்கிறாள். கடைக்காரரும் பார்க்கிறார்.

"இவங்க யாருங்க?"

"எங்க சொந்தமுங்க" என்கிறார் தங்கதுரை.

மருதம்மாள் ஓரத்திலிருந்து முன்னால் வந்து, மடங்கியிருந்த விரலைப் பிரித்து, மேஜைமேல் இருந்த கடைக்காரரின் போனை மெல்லத் திருப்பி, தமிழ்மதியின் கண்ணுக்கு நேராக வைக்கிறார்.