தார் ரோட்டில் ஒரு வெள்ளைக் கோடு

பள்ளியில் நான் துருவப் பனியைப் பற்றிப் பாடம் நடத்துவது என் அண்ணனுக்கு எப்போதும் கேலிதான். "எங்கேயோ ஐஸ் உருகுனா தேனிக்காரனுக்கு என்ன வந்துச்சு?" என்பார். எவ்வளவு விளக்கினாலும் சிரிப்புதான் பதில்.

சென்ற சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு இருவரும் வெறுங்காலோடு நடந்தோம். உச்சி வெயிலில் தார் ரோடு கொதித்தது. அண்ணன் துள்ளித் துள்ளிப் போய், ரோட்டோரம் போட்டிருந்த வெள்ளைக் கோட்டின் மேல் ஏறிக்கொண்டார். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது.

"அண்ணே, கோட்டை விட்டு இறங்கு."

"ஏத்தா, கால் பொசுங்குது!"

"அங்கன மட்டும் ஏன் சுடல? வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிரும், தார் உறிஞ்சிக்கிரும். பூமிக்குத் துருவத்துப் பனிதான் இந்த வெள்ளைக் கோடு. அது உருகுனா அடியில கறுத்த கடல். அது வெயிலைக் குடிச்சுக் குடிச்சு ஊரு உலகத்தையே சூடாக்கிரும். தேனி மட்டும் தப்பிச்சிருமா?"

அண்ணன் சிரிக்கவில்லை. கொஞ்ச தூரத்தில் கோடு தேய்ந்து அழிந்திருந்தது. அங்கே வந்ததும் அப்படியே நின்றுவிட்டார். நான் நிற்காமல் தாரிலேயே நடந்தேன். காலில் கொப்புளம் வந்தது. வரட்டும்.

இப்போது 'பனி உருகினால் நமக்கென்ன' என்று யார் கேட்டாலும் நான் வாதாடுவதில்லை. செருப்பைக் கழற்றச் சொல்கிறேன்.