குளிர்பெட்டிக்கு ஒரு நாள் ஓய்வு

நஞ்சுண்டனுக்கு ஐம்பத்திரண்டு வயது. துடியலூர் தாண்டி, மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளியிருக்கும் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் உதவியாளர் வேலை. கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவ வேண்டும், மேஜைகளைத் துடைக்க வேண்டும். அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் நூல்மில்லில் மிஷின்களுக்கு எண்ணெய் விட்டு, கழற்றி மாட்டின கை. மில்லை மூடினார்கள், இங்கே வந்தார். இங்கே வந்ததற்குப் புவனாவும் ஒரு காரணம்.

புவனா அவருடைய ஒரே பெண். கைக்குழந்தையாக இருந்தபோதே வெயில் பட்ட இடமெல்லாம் கொப்புளித்துவிடும். இரண்டு வயதுக்குள் முகம் முழுக்க மிளகுத்தூளைத் தூவினதுபோல் கரும்புள்ளி. அம்மை என்று நினைத்து அவரும் மனைவி சென்னியம்மாளும் மாரியம்மன் கோயிலுக்கு நடந்த நடைக்குக் கணக்கில்லை. ஏழு வயதில் மூக்கில் கட்டி வந்தது. வெட்டினார்கள், மறுபடியும் வந்தது. ஆஸ்பத்திரிக்காரர்கள்தான் ரங்கநாயகி மேடத்தைப் போய்ப் பாருங்கள் என்றார்கள்.

மேடம் மருந்து எழுதுகிறவர் இல்லை. உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிற டிஎன்ஏ கெட்டுப்போனால் அது எப்படித் தன்னைத்தானே சரி செய்துகொள்கிறது என்று ஆராய்கிறவர். நஞ்சுண்டன் மில்காரர் என்று தெரிந்ததும் அவர் வழியிலேயே சொன்னார்.

"நூல்ல தடிப்பு வந்தா அந்த எடத்த வெட்டிப்போட்டு ஒட்டுவீங்கல்லங்கண்ணா? வெயில் பட்டா நம்ம எல்லாருக்கும் உள்ள அந்த மாதிரி தடிப்பு உழுகுது. வெட்டி ஒட்டறதுக்கு உள்ளயே ஆள் இருக்குது. புவனாவுக்கு அந்த ஆள் இல்லைங்க."

"எப்பத்தானுங்க வருவான் அந்த ஆளு?"

மேடம் இல்லையென்று தலையசைத்தார். "வரமாட்டானுங்கண்ணா."

சென்னியம்மாள் நஞ்சுண்டனுக்குச் சொந்தத் தாய்மாமன் மகள். ஒரே வீட்டு ரத்தம். அதனால் ஒரே பழுது இருவரிடமும் பாதிப் பாதியாக இருந்து, பிள்ளையிடம் முழுதாகச் சேர்ந்துவிட்டது என்றும் மேடம்தான் மெதுவாகச் சொன்னார். அன்றைக்குப் புருஷனும் பெண்டாட்டியும் பஸ்ஸில் தனித்தனி சீட்டில் உட்கார்ந்து வீட்டுக்குப் போனார்கள்.

பதினாறு வயதில் புவனா போய்விட்டாள். போவதற்கு முன்னால் அவள் கையிலிருந்து மொச்சைக்கொட்டை அளவு தோல் எடுத்து, செல்களைப் பெருக்கி, சுண்டுவிரல் தண்டியான குப்பிகளில் அடைத்து, பெரிய குளிர்பெட்டியில் வைத்திருந்தார் மேடம். மைனஸ் எண்பது டிகிரி. எடுத்துச் சூடு காட்டினால் அந்தச் செல்கள் மறுபடி பெருகும். அப்படிப் பெருக்கித்தான் மேடம் ஆராய்ச்சி செய்தார்.

"அப்ப அவ இன்னும் இருக்கறாளுங்களா?" என்று கேட்டார் சென்னியம்மாள்.

"செல்லுக்கு உசுரு இருக்குதுங்கம்மா. ஆனா அது புவனான்னு சொல்ல முடியாதுங்க."

முதலில் சொன்னதை மட்டும் சென்னியம்மாள் எடுத்துக்கொண்டார். இரண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு முழம் மல்லிகை கொடுத்தனுப்புவார். நஞ்சுண்டன் அதைக் குளிர்பெட்டியின் தலைமேல் வைப்பார். ஒரே ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்று சென்னியம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தார். மேடமும் மனமிரங்கினார். விஜயதசமியன்று புது வேலை தொடங்கப் புவனாவின் குப்பி ஒன்றை எடுப்பதாக இருந்தது. அன்றைக்கு வந்தால் மைக்ராஸ்கோப்பில் காட்டுகிறேன் என்றார்.

முந்தின நாள் ஆயுதபூஜை. மேடம் பெங்களூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். மாணவி ஷ்ரவ்யா தன் கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்துவிட்டு, பொரிகடலையை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாள். நஞ்சுண்டன் தனியாக நின்று எல்லா மிஷினையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார்.

மில்லில் வருஷம் முழுக்க மூன்று ஷிப்டும் ஓடுகிற மிஷினை இந்த ஒரு நாள் நிறுத்துவார்கள். பூஜை போட்ட மிஷினை மறுநாள் காலையில் எலுமிச்சம்பழம் சுற்றித்தான் ஓட்டுவார்கள். ஓய்வு கொடுக்காத மிஷின் வீட்டுக்கு ஆகாது என்பது அவருக்குள் ஊறிய நம்பிக்கை. குளிர்பெட்டியைப் பார்த்தார். தன் பிள்ளையை இரண்டு வருஷமாக மூச்சு விடாமல் சுமந்துகொண்டு நிற்கிறது. நாளைக்கு அவள் வெளியே வரப்போகிறாள். இதற்குச் செய்யாமல் வேறு எதற்குச் செய்வது?

தெரியாத்தனமாகவும் செய்யவில்லை. போன சித்திரையில் ஜெனரேட்டரும் சேர்ந்து கைவிட்டு, ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. கதவைத் திறக்காதீர்கள், குளிர் நிற்கும் என்றார் மேடம். நின்றது. ஆனால் அன்றைக்கு மேடம் பெட்டிக்குள் மூட்டை மூட்டையாக டிரை ஐஸ் எனும் உலர்பனிக்கட்டி போட்டிருந்தார். நஞ்சுண்டன் டீ வாங்கப் போயிருந்த சமயம் அது, அவருக்குத் தெரியாது.

பன்னிரண்டரை மணிக்குச் சாமியைக் கும்பிட்டுச் சுவிட்சை அணைத்தார். உள்ளே இருந்த பேட்டரியில் பெட்டி கீச்கீச்சென்று கத்தியது. பொத்தானை அழுத்தி அடக்கினார்.

விஜயதசமி காலையில் சென்னியம்மாள் மஞ்சள் சேலை கட்டி, மடியில் பூவோடு வந்தார். அவரை வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நஞ்சுண்டன் எலுமிச்சம்பழத்தோடு உள்ளே போனார். பெட்டியின் காலடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. மைனஸ் எண்பது காட்டும் இடத்தில், பேட்டரியில் மினுங்கியது பிளஸ் ஆறு. அவசரமாகச் சுவிட்சைப் போட்டார். அப்போதுதான் மேடம் வந்தார்.

மேடம் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புவனாவின் குப்பியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து நீலச் சாயம் கலந்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது, செத்தது விட்டுவிடும். நஞ்சுண்டனுக்கு அது தெரியும், மேடம் எத்தனையோ தடவை காட்டியிருக்கிறார். நஞ்சுண்டன் குனிந்து பார்த்தார். பார்த்த இடமெல்லாம் நீலம்.

மற்றக் குப்பிகளும் அப்படித்தான். இதே நோய் கண்ட பதினொரு பிள்ளைகளுடையவை. அதில் ஏழு பிள்ளைகள் இப்போது இல்லை. வேறு இடத்தில் ஒரு பங்கு வைக்க மேடம் மூன்று வருஷமாகக் கேட்டுவந்த திரவ நைட்ரஜன் தொட்டி இன்னும் வந்தபாடில்லை.

நஞ்சுண்டன் கையை நீட்டினார். "என்ற தோல எடுத்துக்குங்க மேடம். எவ்வளவு வேணுமோ எடுத்துக்குங்க."

"உங்களுக்குள்ள ஆள் வேலைக்கு வர்றானுங்கண்ணா," என்றார் மேடம், அவர் முகத்தைப் பார்க்காமல். "உங்களுது ஒதவாதுங்க."

நஞ்சுண்டன் வாசலுக்கு வந்தார். சென்னியம்மாள் எழுந்து சேலையை நீவிக்கொண்டார். நஞ்சுண்டன் எதையும் மறைக்கவில்லை. "நாந்தான் அம்மணி, சாமி கும்பிடறதுக்குன்னு நிறுத்திப்போட்டேன்," என்றார்.

சென்னியம்மாள் பெட்டி இருக்கும் அறைப்பக்கம் பார்த்தார். உள்ளே அது பழையபடி ஓடும் சத்தம் கேட்டது.

"அப்ப நேத்து வரைக்கும் இருந்தாளா?"

"இருந்தா."

"எத்தன மணிக்கு நிறுத்துனீங்க?"

"பன்னெண்டரை இருக்கும்."

"அப்பத்தான் அவ போட்டோவுக்குச் சுண்டல் வெச்சுப் படைச்சுட்டிருந்தனுங்க. நாளைக்கு வாரேன் கண்ணுன்னு சொன்னேன்."

மடியிலிருந்த பூவைச் சென்னியம்மாள் கையில் எடுத்தார். பூவை எங்கே வைப்பது என்று தெரியாமல் மறுபடி மடியிலேயே முடிந்துகொண்டார். பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்கள். வெயில் ஏறியிருந்தது. சென்னியம்மாள் கறுப்புக் குடையை விரித்து, பிள்ளையைக் கூட்டிப்போன நாளின் பழக்கத்தில், இடது பக்கமாகவே சாய்த்துப் பிடித்தார். நஞ்சுண்டன் வலது பக்கம் வெயிலில் நடந்தார்.