சேச்சியின் முற்றமும் எங்கள் சுவரும்

போன வருஷம் ஐப்பசி மழையில் எங்கள் சுவர் விழுந்தபோது வீட்டில் இருந்தது நானும் என் மனைவியும் மட்டும்தான். அப்பாவும் அம்மாவும் போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட்டில் இருந்தார்கள். வீட்டைக் கட்டித்தந்த கான்ட்ராக்டர் கூரை போட்டதோடு கணக்கை முடித்துக்கொண்டு போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. சரிவில் எங்களுக்குக் கீழே உள்ள வீட்டு மலையாளச் சேச்சி தன் முற்றத்தில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர், குக்கர் விசில் கேட்டு உள்ளே போயிருந்தார்.

வீடு, திருவனந்தபுரம் கரமனையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நகரம் முடிந்து மேடுகள் தொடங்கும் இடம். அங்கே ஒரு சரிவில் மூன்று சென்ட் வாங்கினோம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பில் போடுகிறேன், மனைவி துணிக்கடையில் நிற்கிறாள். இரண்டு சம்பளமும் நாலு சுவருக்கும் கூரைக்கும்தான் போதுமானதாக இருந்தது. மீதியை நாமே செய்துவிடலாம் என்று முடிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ பார்த்து, பூச்சு பூசி, சுவருக்குப் பட்டி பார்த்து, டைல்ஸ் ஒட்டினோம். குளியலறையில் ஒரு வரிசை கோணலாகப் போய்விட்டது.

"எஞ்சினியர் சாருக்கு டேப்பை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு வீடியோ வரலையா?" என்று மனைவி சிரித்தாள். நான் பெயர்த்தெடுக்கப் போனபோது விடவில்லை. "இருக்கட்டும்ங்க. கோணலா இருந்தாலும் நம்ம கோணல்."

பால் காய்ச்சிய அன்று வந்த அப்பா, சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு என்னிடம் வந்து மெதுவாக, "ஒரு ஆணி அடிக்கலாமாலே? யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்று கேட்டார். ஆயுசு முழுக்க எஸ்டேட்காரர்கள் தந்த லயத்து வீட்டில் இருந்தவர். நாங்கள் இருவரும் சிரித்தோம். அவரைவிட நாங்கள் வேறு மாதிரி ஆகிவிட்டோம் என்று நினைத்துத்தான் சிரித்தோம்.

சமையலறைக்குப் பின்னால் நாலடி இடம். அதற்கப்பால் நிலம் ஓர் ஆள் உயரம் இறங்கிச் சேச்சியின் முற்றத்தில் முடிகிறது. அந்த மண் சரிந்தால் எங்கள் சமையலறையும் அதோடு போகும். ஆகவே ஒரு தாங்குசுவர் கட்டியே ஆக வேண்டும். ஆள் வைத்துக் கட்டக் கேட்ட தொகை எங்களிடம் இல்லை. ஹாலோபிளாக் வாங்கி, கம்பி கட்டி, ஒவ்வொரு வரிசையாக நாங்களே ஏற்றினோம். சுவருக்குப் பின்னால் மழைத் தண்ணீர் தேங்கினால் சுவரைத் தள்ளிவிடும், அது வடிய வழி விட வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். அப்படியே அடியில் குழாய்த் துண்டுகள் பதித்தோம். முதல் மழையில் அவற்றின் வழியே செந்தண்ணீர் சீறிக்கொண்டு வந்தபோது கை தட்டினோம்.

"சுவரு ஒண்ணுக்குப் போகுதுங்க!" என்றாள் அவள்.

அந்தத் தண்ணீர் முழுதும் சேச்சியின் முற்றத்தில் போய் விழுந்தது. ஒரு வாரம் பொறுத்திருந்துவிட்டு அவர் மேலே ஏறி வந்தார். தப்பாக நினைக்காதே என்று சொல்லித்தான் தொடங்கினார். "மோனே, செம்மண் வெள்ளம் முழுக்க எங்க முற்றத்திலாக்கும். என் துணியைப் பாரு, சாமியார் காவி மாதிரி ஆயிடுச்சு. ஏதாவது ஒரு வழி செய்யணும், கேட்டோ."

வீடு கட்டத் தொடங்கிய நாளிலிருந்து தன் கிணற்றுத் தண்ணீரைத் தந்தவர் அவர். எங்களுக்குக் கூச்சமாகிவிட்டது. அவர் இறங்கிப் போன கையோடு சிமென்ட் குழைத்தோம். நான் கொத்துக்கரண்டியால் துளைகளை அடைக்க, அவள் விரலால் வழித்துச் சமமாக்கினாள்.

"பரவாயில்லையாங்க?" என்று ஒரு தடவை கேட்டாள்.

"சேச்சி சொல்லிட்டாங்களே" என்றேன்.

மறுநாள் முற்றம் உலர்ந்து கிடந்தது. சேச்சி ஒரு சீப்பு ரசகதலி கொடுத்தனுப்பினார். நல்லபேர் வாங்கிவிட்டோம்.

ஐப்பசியில் அந்த ஞாயிற்றுக்கிழமை மழை கொஞ்சம் விட்டிருந்தது. சமையலறை அலமாரிக்குப் பலகை வைத்துக்கொண்டிருந்தோம். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம். காலடியில் தரை இரண்டாகப் பிளந்தது. வெளியே ஓடிப் பார்த்தால் சுவர் இல்லை. கீழே முற்றம் முழுக்கச் சிவப்புச் சேறு. துவைக்கிற கல் இருந்த இடமே தெரியவில்லை.

"சேச்சீ!" என்று கத்தினேன். பதில் இல்லை. மறுபடி கத்திக்கொண்டே இருவரும் கீழே இறங்கி ஓடினோம். கையில் கரண்டியோடு அவர் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றபோது, என் மனைவி அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

இடிபாட்டில் குழாய்த் துண்டுகள் கிடந்தன. சிமென்ட் அடைப்பு ஒன்றுகூடப் பெயரவில்லை. எல்லாவற்றிலும் அவள் விரல் வழித்த தடம் இருந்தது. ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்த சேச்சிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"அடைக்கவா சொன்னேன் நான்? ஒரு சால் வெட்டித் தண்ணியை அந்தப் பக்கம் திருப்பி விடுவீங்கன்னுல்ல நினைச்சேன். முடியாதுன்னு என்னோட ஒரு வாட்டி தர்க்கம் பண்ணியிருக்கலாமே மோனே!"

வந்து பார்த்த அதிகாரி, வீட்டில் தங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். கரமனையில் ஓர் ஒற்றை அறைக்குப் போனோம். செய்தி கேட்ட அப்பா போனில், "வீட்டுக்காரங்க திட்டுனாங்களாலே?" என்று கேட்டார். வீட்டுக்காரர்கள் நாங்கள்தான் என்பது அந்தப் பதற்றத்தில் அவருக்கு மறந்துவிட்டது.

இப்போது அங்கே கான்கிரீட் சுவர் நிற்கிறது. கட்டியவர்கள் வேறு ஆட்கள். சமையலறையை இடித்தாயிற்று, திரும்பக் கட்டவில்லை. என் மனைவி அந்த வீட்டைப் பற்றிப் பேசுவதில்லை. நான் பேச்சை எடுத்தால், "நம்ம கை பட்டது போதும்ங்க" என்று எழுந்து போய்விடுகிறாள். புதுச் சுவருக்கும், சமையலறையை இடித்ததற்கும், சேச்சியின் முற்றத்தைச் சரிசெய்ததற்கும் கடன் வாங்கியதைக் கூட்டிப் பார்த்துவிட்டேன். 'முடியாது சேச்சி, இந்தத் தண்ணீர் போய்த்தான் ஆக வேண்டும்' என்று, எங்கள் சொந்த மண்ணில் நின்றுகொண்டு, ஒரு நல்ல மனுஷியின் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியாமல் போனதற்கு நாங்கள் கொடுத்த விலை நாலு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்.